பழைய கேமராவில் தெரியாதவர்

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் டாலஸுக்கு வடக்கே ஆலனில் குடியிருந்தபோது, விமானங்களில் பொருத்தும் வெப்பக் கேமராக்கள் செய்யும் சிறு நிறுவனமொன்றில் வேலை பார்த்தேன். இருட்டிலும் உடம்பின் சூட்டை வைத்து ஆளைக் காட்டுபவை அவை. ராணுவத்தின் சிறப்புப் படைகளுடைய பீரங்கி விமானங்களுக்குப் போயின. கேமரா காட்டும் இடத்தில் பீரங்கி சுடும்.

பனிப்போர் முடிந்து எங்கும் ஆட்குறைப்பு. புதிய கேமராவுக்கு வாஷிங்டன் பணம் ஒதுக்காவிட்டால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தாறு வயதில் எனக்கு வேறு இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை.

நிதி பற்றிப் பரிந்துரைக்கும் அதிகாரிகள் மூவர் பார்வையிட வந்தார்கள். பழைய கேமராவையும் புதியதையும் ஒரே வாடகை விமானத்தில் பூட்டி, மாட்டுப் பண்ணையொன்றின் மேல் பறக்கவிட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. கீழே ஒளிந்துகொள்ள ஆட்கள் வேண்டும். "வீட்டாரைக் கூட்டி வாருங்கள். ஒளிந்து விளையாடட்டும், பிறகு பார்பிக்யூ," என்றார் மேலாளர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அக்காவும் வருகிறேன் என்றார்.

"அக்கா, பிளேன் தாழப் பறக்கும். வேண்டாமெண்டால் வீட்டில நில்லுங்கோ."

"மேல பறக்கிறதெல்லாம் குண்டு போடுற பொம்மரே? நீ செய்த கேமரா படம் பிடிக்கட்டும். நல்ல சீலையாக் கட்டிறன்."

விசில் ஊதியதும் ஒளிய வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். வெயில் சாயும் நேரம். நான் கூடாரத்துக்குள் இரண்டு திரைகளின் முன்னால் அதிகாரிகளோடு நின்றேன். தெற்கே விமானச் சத்தம் கேட்டது. விசில் ஊதுவதற்கு முன்பே, அக்கா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதைக் கூடாரத்தின் திறப்பு வழியே கண்டேன்.

திரையில் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். புதருக்குள் பிள்ளைகள், டிரக்கின் அடியில் கணக்காளரின் கணவர், தார்ப்பாய்க்குள் யாரோ. ஒவ்வொரு வெள்ளை உருவத்துக்கும் கூடாரத்தில் சிரிப்பு. மேலாளர் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒருவர் குறைகிறாரே," என்றார்.

விமானம் மறுபடி வட்டமடித்தது. பழைய கேமராவின் திரையில் மழைநீருக்கான வறண்ட சீமெந்து வாய்க்கால் ஒரே சாம்பல் நிறம். புதிய கேமராவில் அதன் ஓரத்தில், ஆள் நீளத்துக்கு, மங்கலான ஒரு திட்டு.

"யார் அது?"

"என் அக்கா," என்றேன்.

மேலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நாளெல்லாம் வெயிலில் காய்ந்த சீமெந்தும் மனித உடம்பும் ஏறக்குறைய ஒரே சூடு. பழைய கேமராவுக்கு அவர் வெறும் சீமெந்து. இதற்காகத்தான் பணம் கேட்கிறோம்," என்றார்.

"இந்த அம்மாவை எங்கே பிடித்தீர்கள்? சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்!" என்றார் ஓர் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

விமானம் போனது. மற்றவர்கள் உடம்பைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்கா வரவில்லை. நான் போனேன். வாய்க்கால் சுவரோடு ஒட்டிக் குப்புறக் கிடந்தார். இரண்டு காதிலும் விரல். பற்களுக்கிடையில் சீலைத் தலைப்பு.

"அக்கா, பிளேன் போயிட்டுது. எழும்புங்கோ."

"திரும்பி வருவான். ரெண்டாந்தரம் வந்துதான் போடுவான். படுடா!"

சட்டையும் டையுமாக அவர் பக்கத்தில் படுத்தேன். சீமெந்து சுட்டது. என் மகள் ஓடி வந்து மேலே நின்று கத்தினாள். "மாமி, யூ வன்! நோபடி குட் ஸீ யூ!"

அதற்குப் பிறகுதான் அக்கா தலையைத் தூக்கினார். பிள்ளையைப் பார்த்தார், என் டையைப் பார்த்தார். "சீலை ஊத்தையாப் போச்சு," என்றார். பார்பிக்யூவில் ஒன்றும் சாப்பிடவில்லை.

இலையுதிர் காலத்தில் பணம் ஒதுக்கப்பட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அன்று பதிவான வீடியோதான் காரணம் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மீந்த கேக்கைப் பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். "அக்காவுக்கு."

வீட்டில் அக்கா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப உன்ர வேலை தப்பிட்டுது?"

"ஓம்."

"நல்லது." கத்தியை வைத்தார். "இனி அந்த வாய்க்காலுக்குள்ள கிடந்தாத் தெரியுமோ?"

"தெரியும்."

"அசையாமக் கிடந்தா?"

"அது அசையிறதைப் பாக்கிறேல்லை அக்கா. சூட்டைத்தான் பாக்கிறது."

"உந்தக் கேமராவை ஆருக்கு விப்பினம்?"

"இஞ்சத்தைய அமெரிக்க ஆமிக்கு மட்டும்தான்."

"முதல்ல அப்பிடித்தான்," என்றார் அக்கா. கேக் பெட்டியை அவர் திறக்கவில்லை.

திங்கட்கிழமை புதிய கேமராவின் வேலை தொடங்கியது. பரிசோதனைக்கு என்று அந்த வீடியோ நாடாவிலிருந்து வாய்க்கால் காட்சியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தத் திட்டில் தலை எது, கால் எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதை என்னிடம் கொடுத்தார்கள். வசந்தம் பிறப்பதற்குள் செய்து முடித்தேன். முழங்கை மடிந்திருப்பதும், விரல்கள் காதில் இருப்பதும் தெளிவாகத் தெரிந்தன.