பஸ் ஜன்னலில் காய்ந்த கவுன்

மலேசியாவில், சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நரைத்த மீசை, பெரிய தொப்பை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அடிக்கடி பையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கோழிக்குஞ்சோ என்று கேட்டேவிட்டேன். மகளின் வெள்ளைக் கவுனாம். மறுநாள் தேவாலயத்தில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள்.

“சிரம்பான் பக்கத்துல ராசாவுல எங்க வீடு. பைப்புத் தண்ணி ஒரே உப்பு லா. சோப்பு நுரைக்காது. தொவைக்கத் தொவைக்க மஞ்சளாயி, அப்பளம் மாதிரி வெறைச்சுப் போச்சு. கொழுந்தியா வீட்டுல மலைத் தண்ணி. அங்க தொவைச்சாதான் வெளுக்கும்.”

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! “வினிகர் ஊத்தி அலசுங்க அங்கிள்” என்றேன்.

“ஊத்தியாச்சு தம்பி. இப்ப ஊறுகா வாசம் வேற.”

மாலையில் திரும்பும் பஸ்ஸிலும் அவர் இருந்தார். கவுன் பளிச்சென்று வெளுத்திருந்தது, ஆனால் சொட்டச் சொட்ட ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்து, ஹேங்கரோடு காற்றில் பிடித்திருந்தார்.

“காய வெச்சே எடுத்து வந்திருக்கலாமே?”

“பஸ்ஸ விட்டா வேற இல்ல லா. புள்ள இப்பவே வாசல்ல நிக்கும்.”

மலை வளைவுகளில் அவருக்குக் கை வலித்தது. ஹேங்கரை வாங்கி நானும் பிடித்தேன். சிரம்பான் வருவதற்குள் கவுன் காய்ந்துவிட்டது. அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார்.

“ஊறுகா போயிருச்சா?”

போயிருந்தது. இப்போது டீசல் வாசம்.

“சுத்தமா போயிருச்சு அங்கிள்!”

மீசை விரியச் சிரித்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கேத்தலில் படியும் வெள்ளை உப்பைச் சுரண்டும்போதெல்லாம், அந்தப் பிள்ளைக்கு டீசல் மணத்திருக்குமா என்று யோசிக்கிறேன்.