எட்டுப் பேர் பார்த்த நீச்சல்

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் அவளிடம் யாரும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினார்கள். "இந்த நாற்காலியில யாராவது வராங்களா?" "கொஞ்சம் தள்ளிக்கிறியா?" அவ்வளவுதான். லிஃப்ட் பழுதுபார்க்கும் அப்பாவும் தையல் கடையில் வேலை செய்யும் அம்மாவும் வேறு ஊரில் இருந்தார்கள். இவள் தங்கியது சித்தி வீட்டில், துணி உலர்த்தும் கொடிக்குக் கீழே போட்ட மடக்குக் கட்டிலில். சித்திக்குப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. பகல் முழுக்க யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழைந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் 'போனோம், பார்த்தோம்' என்ற தாளுக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு பக்கம். நூலகக் கதவிலும் கேன்டீன் சுவரிலும் புதன்கிழமைதோறும் ஒட்டுவார்கள். கல்லூரியிலும் நகரத்திலும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு முதலாண்டு ஆள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அதை நடத்திய மூன்றாமாண்டு மாணவிக்குக் கத்திரி அக்கா என்று பெயர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவாள்.

இவள் எல்லாவற்றுக்கும் போனாள். பட்டிமன்றம், ரத்ததான முகாம், அருங்காட்சியகத்தில் கட்டணமில்லாத நாள், நாய்க் கண்காட்சி. புத்தகக் கண்காட்சியில் கூடாரம் ஒழுகியபோது, "சமையல் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கவிதைப் புத்தகங்களை நனையவிட்டார்கள்" என்று எழுதினாள். கேன்டீன் சுவருக்கு முன்னால் நின்று நாலு பேர் சிரித்தார்கள். கத்திரி அக்கா கூட அதில் கைவைக்கவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் இவள் பெயர் 'நிருபர்'. கூப்பிட ஒரு பெயர் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது.

எட்டாவது வாரம், சனிக்கிழமை பிற்பகல், நகர நீச்சல் குளத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கான போட்டி. அன்று காலை வகுப்பு முடிந்ததும், எப்போதும் கூட்டமாகவே திரியும் நாலு பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "நிருபர், சினிமாவுக்கு வரியா? ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு" என்றாள். மிச்சமான டிக்கெட்தான். ஆனாலும் இரண்டு மாதத்தில் அவளை ஒருத்தி கூப்பிட்டது அதுவே முதல் தடவை. போனாள். படம் நன்றாக இல்லை. ஐந்து பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து வெளியே வந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த ஊரில் இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை குளத்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர், "எல்லாரும் நல்லா பண்ணாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார். கையில் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த போட்டியாளர் பட்டியல் மட்டும் இருந்தது. பெயரும் வயதும். அதில் ஒரு பெண்ணின் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. எழுதினாள்: "அறுபத்தோரு வயதில் நான்கு சுற்றுகளை முடித்து அவர் கரையேறியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஈரம் சொட்டும் முகத்தில் வெற்றிப் புன்னகை." எழுதி முடித்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

புதன்கிழமை தாள் ஒட்டப்பட்டது. நூலகர் கதவருகே நின்று படித்துவிட்டு, "அட, இது நம்ம டோக்கன் அம்மா பேராச்சே!" என்று கத்தினார்.

நூலக வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு எண் பொறித்த வில்லை கொடுக்கும் பெண்மணியைக் கல்லூரி முழுக்க டோக்கன் அம்மா என்றுதான் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அது நூலகருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் இவள் பையை நீட்டியபோது டோக்கன் அம்மா அதை வாங்கவில்லை.

"நீதானே அந்தத் தாள்ல எழுதுற பொண்ணு?"

"ஆமாம்மா!" என்றாள் பெருமையாக. பாராட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

"சனிக்கிழமை நீ எங்க உட்கார்ந்திருந்தே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "பின்னாடிம்மா. கடைசி வரிசையில."

"வரிசையே ஒண்ணுதான். அதுக்குப் பின்னாடி சுவரு." டோக்கன் அம்மா குரலை உயர்த்தவில்லை. "வந்தவங்க எட்டுப் பேரு. தெரிஞ்ச முகம் எதுவும் இருந்துடக் கூடாதேன்னு, தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி எண்ணிப் பார்த்தேன். நீ இல்ல."

இவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

"நான் முடிக்கல. பாதியில மூச்சு முட்டிடுச்சு. ஒரு தம்பி கம்பை நீட்டி இழுத்துப் போட்டான், மூட்டையை இழுக்கிற மாதிரி. நீச்சல் கத்துக்கிட்டு ஒரு வருஷம்தான் ஆகுது. வீட்டுல கூட சொல்லாமதான் போனேன். இப்ப இங்கயே படிக்கிற பேரன் அந்தத் தாளைப் படம் புடிச்சு அனுப்பி, மருமக தெரு பூரா சொல்லிட்டா. நான் முடிக்கலைன்னு சொன்னா, 'என்ன அடக்கம், என்ன அடக்கம்'ங்கிறாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மேடையில பூங்கொத்து வேற குடுக்கப் போறாங்களாம். அதுக்குள்ள மாத்தி எழுது."

"எழுதிடுறேன்மா. மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். எழுது."

அவள் கத்திரி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "ஒரு தடவை பொய்னு போட்டா, மிச்சத்தை எவன் நம்புவான்? நல்லதாத்தானே எழுதியிருக்கே. யாருக்கு என்ன நஷ்டம்? விடு" என்றாள். சுவர் எல்லோருக்கும் பொது. பசையும் சித்தி வீட்டில் இருந்தது. தானே எழுதிக் கொண்டுபோய் ஒட்டியிருக்கலாம். அக்கா வேண்டாம் என்று சொன்னது அவளுக்கு உள்ளூர எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க நூலகத்துக்கே போகவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய அரங்கத்தில் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் தாளைப் பார்த்து இவள் எழுதிய வரிகளை அப்படியே வாசித்தார். "அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது" என்ற இடத்தில், நம் அரங்கமும் எழுந்து நிற்கட்டும் என்றார். நின்றார்கள். இவளும் நின்றாள். டோக்கன் அம்மா மேடை ஏறினார். துவைத்து இஸ்திரி போட்ட உடை, கைப்பை, வேலைக்குப் போடும் அதே செருப்பு. பூங்கொத்தை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எல்லாரும் உட்காருங்க. நான் அந்தப் போட்டியை முடிக்கல. கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். யாரும் கைதட்டல. இதை எழுதினவங்க அங்க வரல."

முதலில் சிலர் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. முதல்வர் தாளைப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கம் ஏதோ எழுதியிருப்பதுபோல. டோக்கன் அம்மா அப்படியே நின்றார். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். ஒரு நிமிஷம் கூட இருக்காது. எழுந்து, "நான்தான்" என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சினிமாக்காரி கிசுகிசுத்தாள். "ஏய் நிருபர், இது நீயா?"

அவள் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது மேடை காலியாக இருந்தது, பூங்கொத்து மட்டும் மேசையில் கிடந்தது.

அடுத்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஞாயிறு மாலை, பேசாத சித்தியே வாயைத் திறந்து, "எதையாவது திருடிட்டியா?" என்று கேட்டாள். இவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து திருத்தத்தை எழுதினாள். நான் போகவில்லை, சினிமாவுக்குப் போனேன், எழுதியது கற்பனை, கேட்டபோதும் பொய் சொன்னேன், மேடையில் காத்திருந்தபோதும் எழுந்திருக்கவில்லை. கீழே தன் பெயரையும் வகுப்பையும் போட்டாள். திங்கட்கிழமை காலை கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டு, இன்னொரு பிரதியோடு நூலகக் கதவுக்குப் போனாள்.

டோக்கன் அம்மா அதைக் கையில் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்னால் வரிசை நீண்டது. படித்து முடித்ததும் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"'மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார்'னு போட்டிருக்கே. உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பாதி என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தாள். ஒரு சுற்றைக் கூட்டிப் போட்டால் அவருக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

"ரெண்டாவது சுத்து. அதுவும் முழுசா இல்ல." அடித்துத் திருத்தினார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேன்டீன் சுவரில் ஒட்டியதை நகத்தால் சுரண்டி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மதியம் புதிதாக எழுதி ஒட்டினாள். மாலைக்குள் கத்திரி அக்கா அவளைத் தாளிலிருந்து வெட்டிவிட்டாள். அந்த வாரத்தோடு 'நிருபர்' போய், 'அரங்கமே' என்ற பெயர் வந்தது. "அரங்கமே, நோட்டு குடு." "அரங்கமே, தள்ளி உட்காரு." சினிமாக்காரிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். வேறு என்ன செய்வது?

தேர்வுகள் முடிந்த பிறகு நீச்சல் குளத்தில் அடுத்த போட்டிக்கு அறிவிப்பு வந்தது. மூன்று நாள் யோசித்து, பையைக் கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"இந்தத் தடவை நான் வரலாமாம்மா? எழுத இல்ல. சும்மா பார்க்க."

டோக்கன் அம்மா பையை அலமாரியில் வைத்தார். வில்லையை எடுத்தார்.

"வேணாம்மா. நீ வந்து உட்கார்ந்தா, தண்ணிக்குள்ள எனக்கு உன் நெனப்புதான் இருக்கும். கை கால் ஓடாது."

கோபம் எதுவும் தெரியாத குரல். அவள் வில்லையை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். டோக்கன் அம்மா அதற்குள் அடுத்தவனின் பைக்குக் கையை நீட்டியிருந்தார்.