என்ரை உயிரே என்று ஒருமுறை சொன்னேன்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வீட்டில் உடுப்புக் காயவைக்கும் மெஷினைத் திறந்து படுக்கை விரிப்பை இழுத்தேன். சூட்டோடு சவர்க்காரத்தூள் மணம் மூக்கில் ஏறியது. உடனே ரோசா வந்து நின்றுவிட்டாள். பயப்படாதீர்கள், நினைவில்தான். பக்கத்தில் மனைவி நின்றாள்.

2010இல் இந்த நாட்டுத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்ததும், மேய்ஸ் ஹில்லுக்குக் கிட்ட ஒரு சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகள் மடிக்கும் வேலை. மனைவி வவுனியாவில் விசாவுக்குக் காத்திருந்தாள். எங்கள் மேற்பார்வையாளர் ரோசா, சிலி நாட்டுக்காரி, பேரப்பிள்ளை கண்டவள். முதல் நாளே என்னை 'கொராசோன்' என்றாள். கூட வேலை செய்த குணம் அண்ணைக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். விசாரித்து வந்தார்.

"தம்பி, மை ஹார்ட்டாம். இதயமடா!"

மறுநாள் நான் முகம் மழித்துக்கொண்டு போனேன். குணம் அண்ணை 'மி சியேலோ' ஆனார். மை ஹெவன், சொர்க்கம். அவர் சென்ட் அடிக்கத் தொடங்கினார். ஒருநாள் பழுதாகி நின்ற மெஷினைத் தட்டி, "மி அமோர், மி அமோர்" என்று ரோசா கெஞ்சினாள், மை லவ், அன்பே என்று. அன்றோடு சென்ட் நின்றது. பானை வயிற்று முதலாளியை 'கோர்தித்தோ' என்பாள், குண்டுக்குட்டி என்று. அவரும் சிரிப்பார். எங்கள் ஊரில் முதலாளிக்கு அந்தப் பெயர், அவர் வாசல் படலை தாண்டிய பிறகுதான்.

ஒருநாள் குணம் அண்ணை கேட்டார்: "உன்ரை மனிசியை என்னெண்டு கூப்பிடுறனியாம்? ரோசா கேக்கிறா."

யோசித்தேன். நான் கூப்பிடுவதே இல்லை. தொண்டையைச் செருமுவேன், வருவாள். அவள் என்னை 'இஞ்சேருங்கோ' என்பாள். அண்ணை அதை 'லிசன் ஹியர்' என்று சொல்ல, ரோசா, "மனைவியா, போலீஸா?" என்றாளாம். 'மி விடா', மை லைஃப், அப்படிச் சொல் என்று கட்டளையும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் கார்டைச் சுரண்டி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "என்ரை உயிரே."

உடனே அவள், "இஞ்சேருங்கோ, என்ன வருத்தம்? டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை."

"திருப்பி அனுப்பப் போறாங்களோ? மறைக்காமல் சொல்லுங்கோ!"

பின்னேரம் அவள் தம்பி போன் எடுத்தான்: "அத்தான், குடிக்கிறியளோ?" மாமியார் பிள்ளையாருக்கு நேர்த்தியே வைத்துவிட்டார். ஒரு நல்ல வார்த்தைக்கு எங்கள் குடும்பம் செய்த மரியாதை அது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன் என்று நம்பிய பிறகு அவள் சொன்னாள்: "இனி உப்பிடிச் சொல்லாதேங்கோ. நெஞ்சு பக்கெண்டு போச்சு."

நானும் சொல்லவில்லை.

இப்போது அந்தச் சலவைக்கூடம் இல்லை, அடுக்குமாடி எழும்புகிறது. ரோசா மகளோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். போன் கார்டும் தேவையில்லை. மனைவி குசினியில் நிற்கிறாள். என்னை இதயம் என்று கூப்பிடத்தான் ஆளில்லை.

நேற்று அந்தச் சூடான விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்தபடி அவள் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, அண்டைக்குப் போனிலை என்னவோ சொன்னியளே. என்னது?"

தொண்டையைச் செருமினேன். "ஞாபகமில்லை."

விரிப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வாயால் வரவில்லை. என் கையெழுத்து அவளுக்கு விளங்கும். இந்தத் தாளைக் குசினி மேசையில் வைக்கப் போகிறேன்.

என்ரை உயிரே.

ஞாயிற்றுக்கிழமை, 14 யூலை 2013.