ஏழும் பதினைந்தும்

கூடைப்பந்து லீக்கில் அவளைக் கழுகு என்று கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாகக் கோர்ட்டை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, நடப்பதை வாயால் சொல்கிறாள். பந்தைப் போட்டது யார், தவறவிட்டது யார், எகிறி வந்த பந்தை, அதாவது ரீபவுண்டை, பிடித்தது யார். "ஏழு, ரெண்டு, உள்ளே. நாலு, அசிஸ்ட்." ஏழாம் எண்காரன் இரண்டு புள்ளி எடுத்தான், நாலாம் எண்காரன் பந்து கொடுத்து உதவினான் என்று பொருள். பக்கத்தில் இருப்பவர் அதைக் கணினியில் அடிப்பார். ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் அச்சாகி வரும் தாள் அவள் சொன்னதுதான். பயிற்சியாளர்கள் அதை வைத்துத்தான் ஆளை நிறுத்துவதும் தூக்குவதும்.

வார நாட்களில் கல் குவாரி எடைமேடையில் வேலை. லாரி வளைவில் திரும்பும்போதே யாருடையது என்று சொல்லிவிடுவாள். பலகை எண்ணைப் பார்த்து அல்ல, எஞ்சின் சத்தத்தை வைத்து. கோர்ட்டிலும் அப்படித்தான் ஆகிப்போனது. நான்கு வருடங்களுக்கு முன்னால் கண்ணின் நடுவில் ஒரு மங்கல் விழுந்தது. கண்ணாடியால் தீராது என்று டாக்டர் சொன்னார். எதிர்மூலையில் ஜெர்சி எண் கரைந்துவிடும். ஆனால் ஓட்டம் கரையாது. ஒவ்வொருவனும் ஒரு மாதிரி ஓடுகிறான், தோளை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறான். அது போதுமாக இருந்தது.

விஷயம் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் லிப்ட் மெக்கானிக்.

"எண்ணு தெரியல, முகம் தெரியலங்கற. என்னை மட்டும் அவ்வளவு தூரத்துலருந்து எப்படிக் கண்டுபிடிச்சுத் திட்டற?"

"உங்க நடையை உலகத்துல வேற யாருக்கும் குடுக்கல."

அன்று மதிய ஆட்டம். வழக்கமாக அடிப்பவர் வரவில்லை. பத்து விரலும் ஒன்றை ஒன்று தொடாமல் ஓடுவதால் அவருக்குப் பியானோ என்று பெயர். முட்டி அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பதிலுக்கு வந்தவள் மருந்துக்கடை வைத்திருப்பவள். முப்பத்தைந்து வயது, நறுக்கென்று பேசுவாள். குனிந்த தலை நிமிராமல் அடித்தாள்.

முதல் குவார்ட்டர் ஐந்தாவது நிமிடம்.

"பதினஞ்சு, ரீபவுண்ட்."

கணினி கீச்சென்றது.

"பதினஞ்சு வெளியில உக்காந்திருக்கார்க்கா. எடுக்க மாட்டேங்குது."

"ஆள் மாத்தினதை ஏத்தலையா நீ?"

"ஏத்திட்டேனே. நீங்களே பெஞ்ச்சைப் பாருங்க."

பார்த்தாள். ஒரு வெள்ளைத் துண்டும் அதற்குள் ஒரு தலையும் தெரிந்தன. "ஏழுன்னு போடு" என்றாள்.

பதினைந்து அண்ணன். ஏழு தம்பி, போன சீசனில்தான் அணிக்கு வந்தவன். இருவரும் இடது காலை லேசாக வெளியே வீசி ஓடுகிறவர்கள். ஒரே வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கி வளர்ந்தால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அரைநேரத்துக்குள் இன்னும் இரண்டு முறை கீச்சென்றது. மருந்துக்கடைக்காரி இப்போது பெஞ்ச்சைக்கூடக் காட்டவில்லை. எண்ணை மாற்றி அடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் கேட்காமலே திருத்தியதுதான் கழுகுக்கு உறுத்தியது.

நாற்பத்தொன்று, நாற்பது. உள்ளூர் அணி ஒரு புள்ளி முன்னால். அரைநேரத் தாளோடு அணி மேனேஜர் மேஜைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அண்ணனுக்கு ஒம்பது ரீபவுண்ட் குடுத்திருக்கீங்க. தம்பிக்கு மூணு. தாளைப் பார்த்துட்டு அண்ணனே கேக்கறான், 'நான் எப்ப சார் இவ்வளவு குதிச்சேன்?'னு. தம்பி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

தம்பிக்கு இருந்த மூன்றும் கணினி கீச்சிட்டதால் திருத்திய மூன்று. அதாவது கணினி மறுக்காத இடத்தில், இருவரும் கோர்ட்டில் இருந்தபோது, அவள் எல்லாவற்றையும் அண்ணனுக்கே கொடுத்திருக்கிறாள்.

"ஆட்டம் முடிஞ்சதும் வீடியோவுல சரிபார்த்துடறேன்."

"கழுகுக்கே வீடியோவா?" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் தாளை மடித்தாள், விரித்தாள். போன சீசன் முழுக்க இந்த இருவரையும் வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடக் கீச் சத்தம் கேட்டதில்லை. ஒரு மேனேஜரும் வந்ததில்லை. பியானோ விசைகளைப் பார்த்து அடிக்கிற ஆள் இல்லை. அவர் தலை எப்போதும் கோர்ட்டைப் பார்த்தபடியே இருக்கும். ஆட்டத்தின் மேல் ஆசை என்று நினைத்திருந்தாள்.

இரண்டாம் பாதியில் அவள் குரல் அரை நொடி பின்தங்கியது. எண்ணைப் படிக்க முயன்றாள். படிக்கப் பார்த்தால் ஓட்டம் தவறியது, ஓட்டத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. மருந்துக்கடைக்காரி மெதுவாக, "பதறாதீங்கக்கா, நான் காத்திருக்கேன்" என்றாள்.

ஆறு வினாடி மிச்சம். எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று. உள்ளூர் அணி ஒரு புள்ளி பின்னால். நாலாம் எண்காரன் எதிர்மூலையிலிருந்து வீசினான். வளையத்தில் பட்டு மேலே எகிறியது. ஐந்தாறு கைகள் எழுந்தன. ஒரு கை தட்டியது. பந்து உள்ளே விழுந்தது, பஸ்ஸர் ஒலித்தது. எண்பத்து நான்கு, எண்பத்து மூன்று. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது.

"யாருக்கா?" மருந்துக்கடைக்காரியின் விரல் விசை மேல் நின்றது.

இடது கால் வெளியே வீசி இறங்கியதைப் பார்த்திருந்தாள். அது இருவரில் ஒருவன். ஏதோ ஒன்றைச் சொல்லலாம். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

"தெரியல" என்றாள்.

"என்னது?"

"நான் பார்க்கல. காலியா விடு."

வீடியோவில் ஏழு. அண்ணன் பேரில் இருந்த அரைநேரத்து ஒன்பதிலும் ஐந்து ஏழுடையவை. லீக் மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத் திருத்தினார். நாற்பது நிமிடம் பிடித்தது. முடிந்ததும் கழுத்தை நெட்டி முறித்தார்.

"என்னம்மா இன்னிக்கு? ராத்திரி தூக்கமில்லையா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அடுத்த சனிக்கிழமை பியானோவுக்குப் பதில் யார் உட்கார்ந்தாலும் மாற்றி அடிக்கச் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

"கண்ணு சார். நாலு வருஷமாச்சு. கண்ணாடி போட்டாலும் சரியாகாது. எனக்குப் பதில் ஆள் போட்டுடுங்க."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாலு வருஷமா?" என்றார். "தாள்ல ஒரு புகாரும் வரலியே."

"அதை நான் விசாரிச்சுக்கறேன்."

அரங்கத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று பியானோவுக்கு போன் போட்டாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"புதுசு மாதிரி. ஆட்டம் என்னாச்சு?"

"எத்தனை நாளா நான் சொல்றதை மாத்தி அடிக்கிறீங்க?"

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"தம்பிக்காரன் வந்ததுலருந்து. அதுக்கு முன்னாடி எப்பவாவது ஒண்ணு ரெண்டு."

"ஒரு ஆட்டத்துக்கு எத்தனை?"

"பத்துப் பதினஞ்சு இருக்கும். முந்நூறு தடவை சொல்றதுல பதினஞ்சு எல்லாம் ஒரு கணக்கா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எந்திரிச்சுப் போயிடுவ."

"போக வேண்டியதுதானே? என்னைக் கழுகுன்னு சொல்லிட்டுத் திரியறானுங்க, நானும் ஈன்னு இளிச்சிட்டு நிக்கிறேன்."

"கோவிச்சுக்காத. எனக்கு வேற ஆள் குரல் காதுல ஏறாது. கை தானா ஓடுறது உன் குரலுக்குத்தான். சுயநலம்னே வச்சுக்கோ."

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள். அரங்கத்தின் பக்கவாசலில் அண்ணனும் தம்பியும் வெளியே வந்தார்கள். ஒருவன் கையில் திருத்திய தாள். இன்னொருவன் அதைப் பிடுங்கப் பார்த்தான். இருவரும் வண்டிகளுக்கு நடுவே துரத்திக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவு கிட்டத்தில்கூட யார் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி தெரிய வேண்டியதும் இல்லை.

"இருக்கியா?" என்றார் பியானோ.

"இருக்கேன். இன்னிக்கு உங்க இடத்துல உக்காந்த மருந்துக்கடைக்காரிதான் அடுத்த சனிக்கிழமைலருந்து எனக்குப் பதிலா சொல்லுவா. குரல் கொஞ்சம் சன்னம். ஆனா பார்த்துட்டுத்தான் சொல்லுவா. நீங்க திரும்பி வந்ததும் அவ சொன்னதை மட்டும் அடிங்க."

"நீ?"

"ஏழாவது வரிசையில ஒரு சீட்டு கேட்டிருக்கேன். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூடக் கைதட்டினதில்ல. மேஜையில இருக்கறவங்க தட்டக் கூடாதுல்ல."