தோணித்துறையில் வெறும் பிளாஷ்

காரின் முன்சக்கரம் பலகையில் ஏறும்போது முதலில் ஒரு முனகல் கேட்கும். பின்சக்கரமும் ஏறியதும் தோணிகள் இரண்டும் ஒரு சாண் கீழே இறங்கி உப்பங்கழியின் அடிச்சேற்றைக் கிளறிவிட, அந்தச் சேற்று வாடையும், சூடேறிய எஞ்சினின் டீசல் நெடியும், கரையில் அஞ்சலை அக்கா வேகவைத்துக்கொண்டிருக்கும் ‘மல்லாட்டை’யின் ஆவியும் ஒன்றாய்ச் சேர்ந்து மூக்கில் ஏறும். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. இன்றைக்கும் எங்காவது கடலை வேகிற வாசம் வந்தால் எனக்குச் சாப்பிடத் தோன்றுவதில்லை. அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

பிச்சாவரத்துக்குப் படகு சவாரி வருகிற வெளியூர்க்காரர்கள் யாரும் அந்தத் துறையைப் பார்த்திருக்க முடியாது. கிள்ளையைத் தாண்டி, இறால் குட்டைகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் போனால் கழி குறுக்கே வரும். அக்கரையில் ஒரு திட்டு; திட்டில் ஊர் இருந்தது, கோயில் இருந்தது, இறால் பண்ணை இருந்தது, கார் ஓடுகிற அளவுக்கு ஒரு சாலைகூட இருந்தது, பாலம் மட்டும்தான் இல்லை. ஆகவே இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, அதில் வண்டிகளை ஏற்றி அக்கரை கொண்டுபோனார்கள். ‘ஜோடித்தோணி’ என்பார்கள். அஞ்சலை அக்காவின் புருஷன் தேசிங்குதான் அதை ஓட்டியவர். ஆழத்தில் மோட்டார், கரைப்பக்கம் மூங்கில். ஒரு நேரத்துக்கு ஒரு கார், அல்லது ஒரு மினி லாரி, மிச்ச இடத்தில் மனிதர்கள், சைக்கிள்கள், ஆடுகள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. என் அம்மாவின் தம்பி சேகர் மாமா சிதம்பரத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். அங்கேயே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. வாரம் முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று மண்டபம் மண்டபமாக அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னை டி.வி.எஸ்ஸில் முன்னால் நிறுத்திக்கொண்டு துறைக்குக் கிளம்பிவிடுவார். “ஊருல அவனவன் பொண்ணு பாக்கப் போறான், இவன் தண்ணியில காரு போறதப் பாக்கப் போறான்” என்று அம்மா திட்டுவது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அவருக்கு ஒரே ஆசை. தோணியே தெரியாமல், கார் தானாகத் தண்ணீர்மேல் போவதுபோல ஒரு படம் எடுக்க வேண்டும், அது ஏதாவதொரு வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வர வேண்டும். அதற்காக முழங்கால் அளவு சேற்றில் குந்தியிருப்பார், பலகையில் குப்புறப் படுப்பார். பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிய மினி லாரியை எடுத்திருக்கிறார், கட்சிக்கொடி கட்டிய ஜீப்பை எடுத்திருக்கிறார், பண்ணைக்காரரின் வெள்ளை அம்பாசிடரை எத்தனை முறை எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: படத்தில் ஆள் இருக்கக் கூடாது. “வாரம் பூரா மூஞ்சிங்களயே எடுத்து எடுத்துச் சலிச்சுப் போச்சு. ஒருத்தன் நின்னாலும் கல்யாண போட்டோ ஆயிடும்” என்பார். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னால், “அக்கா கொஞ்சம் நகருங்க, அண்ணே அந்தப் பக்கம் போங்க” என்று எல்லாரையும் கெஞ்சி ஓரங்கட்டிக்கொண்டிருப்பார்.

பிலிம் அவர் காசு போட்டு வாங்கியதில்லை. கல்யாணத்துக்கு எடுத்த ரோலில் கடைசியில் இரண்டோ மூன்றோ மிஞ்சும். அந்த ‘மிச்ச ரோலை’ கழுவக் கொடுக்கும் முன் அவர் தீர்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சலுகை கொடுத்திருந்தார். ஒரு ஞாயிறு முழுவதற்கும் அவ்வளவுதான் கையிருப்பு. ஆனால் கேமராவைக் கண்டால் சனம் சும்மா இருக்குமா. “எங்களையும் ஒண்ணு புடி தம்பி” என்று சூழ்ந்துகொள்வார்கள். அதற்கும் முதலாளியே ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார், எல்லா மண்டபத்திலும் நடப்பதுதான். பிளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கேமரா வாயைத் திறக்காது, வெளிச்சம் மட்டும் வரும். ‘வெறும் பிளாஷ்’ என்று அதற்குப் பெயர். கல்யாணத்தில் ஒன்றுவிட்ட சொந்தமெல்லாம் மேடை ஏறும்போது அதைத்தான் அடிப்பார்கள். “வெளிச்சம் பட்டாப் போதும்டா, அவுங்களுக்கு மனசு நெறஞ்சிடும்” என்பார் முதலாளி.

அவர் சொன்னது பொய்யில்லை, நிறைந்துதான் போனது. மாமா துறையில் அடித்த வெறும் பிளாஷுக்கெல்லாம் சனங்கள் தலைசீவி, முந்தானையைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். பிறகு யாரும் வந்து படம் கேட்டதுமில்லை. உள்ளே கதவு திறந்து மூடுகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் நிஜப்படம், கேட்காவிட்டால் வெறும் வெளிச்சம் என்று எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். அது எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டாக இருந்தது.

அஞ்சலை அக்காவின் பெண் பவுனுக்கு அப்போது ஐந்து வயது. தோணியில் கார் ஏறிவிட்டால் பண்ணைக்காரரின் டிரைவர் இறங்கி பீடி பற்றவைப்பார். அக்கரை போய்ச் சேரும் வரைக்கும் கார் எங்களுடையது. நான் ஸ்டீயரிங் பிடிப்பேன், பவுனு பக்கத்தில் நின்றுகொண்டு வாயாலேயே ஆரன் அடிப்பாள். நான் இடதுபக்கம் திருப்பியதால்தான் தோணி இடதுபக்கம் திரும்பியது என்று அவள் உண்மையாகவே நம்பினாள். “அப்பா, அக்காதான் ஓட்டறாங்க, நீ சும்மா குந்து” என்று தேசிங்கிடம் கத்துவாள். அவரும் மூங்கிலைத் தூக்கிக் காட்டுவார்.

டிசம்பரில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. வெள்ளை அம்பாசிடர் தோணியில் நின்றது, கழி ஆடாமல் கிடந்தது, மாமாவிடம் கடைசி ஒரு படம் மிச்சமிருந்தது. பவுனு தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் பாவாடையைப் போட்டுக்கொண்டு கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். “பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்றார் மாமா. அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். “இன்னும் கொஞ்சம்.” இன்னும் நகர்ந்தாள். சத்தம் கேட்டது. ரோல் முடிந்தது.

அதற்குள் அஞ்சலை அக்கா கூடையோடு வந்துவிட்டார். “எம் பொண்ண ஒண்ணு புடி தம்பி. பொறந்ததுலேருந்து ஒரு போட்டோ கெடயாது. புதுப் பாவாட வேற.” இல்லை என்று மாமா சொல்லவில்லை. மணமேடையில் பெண்ணை நிறுத்துவதுபோலவே நிறுத்தினார். மோவாயைத் தொட்டு முகத்தைத் திருப்பினார், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார், சிரிக்கச் சொன்னார், அவள் சிரிக்கும் வரைக்கும் காத்திருந்தார். வெளிச்சம் வந்தது. பவுனு கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இன்னொண்ணு” என்றாள். இன்னொன்றும் அடித்தார். வெளிச்சத்துக்கு என்ன செலவு. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், நான் சிரித்தேன். அஞ்சலை அக்கா சந்தோஷத்தில் இரண்டு கை நிறைய மல்லாட்டையை என் பாவாடையில் கொட்டினார். சூடாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு ஆருத்ரா தரிசனம். நடராசர் கோயிலைச் சுற்றி நான்கு வீதியும் சனம், ஸ்டூடியோவுக்கு நிற்க நேரமில்லாத வேலை. அதனால் நாங்கள் துறைக்குப் போகவில்லை. காலையில் கூட்டத்துக்குள் யாரோ “கடலு ஊருக்குள்ள வந்துடுச்சாம்” என்றார்கள். கடல் எப்படி வரும் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெரியாஸ்பத்திரிப் பக்கம் வேன்கள் வரத் தொடங்கின. அம்மா என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். சுனாமி என்ற வார்த்தை எங்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜோடித்தோணி பிய்ந்து, ஒன்று மட்டும் மாங்குரோவ் காட்டுக்குள் செருகிக் கிடந்ததாம். தேசிங்கு ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார். அஞ்சலை அக்கா பண்ணை வீட்டு மாடிக்கு ஓடிப் பிழைத்தார். பவுனு பிழைக்கவில்லை. மறுநாள் எடுத்துப் புதைத்துவிட்டார்கள்.

அரையாண்டு விடுமுறையில் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துப் போவது என் வேலை. அப்படிப் போயிருந்தபோதுதான் அஞ்சலை அக்கா ஸ்டூடியோ படியேறி வந்தார். முகாமில் யாரோ கொடுத்த புடவை, அளவு பொருந்தாத ஜாக்கெட். அழவில்லை. “தம்பி, அன்னிக்குப் புடிச்சியே, பவுனு போட்டோ. அதக் குடு. பதினாறாம் நாளு மால போட்டு வெளக்கு வெக்கணும். ஊட்டுல ஒரு துணிகூட இல்ல, எல்லாத்தயும் அள்ளிக்கிட்டுப் பூட்டுது” என்றார். “கழுவக் குடுத்திருக்கேங்க்கா. வந்ததும் தரேன்” என்றார் மாமா.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மாமா நெகட்டிவ் டப்பாக்களைத் திறந்து, ஒவ்வொரு சுருளாக ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஏதாவது ஒன்றில், ஏதாவது ஒரு மூலையில், தெரியாத்தனமாகவாவது அவள் விழுந்திருக்க மாட்டாளா என்று. முகம் வேண்டாம், பாவாடை போதும். பாவாடைகூட வேண்டாம், ஒரு கை போதும் என்று இறங்கி வந்தார். கார்தான் இருந்தது. கார், மினி லாரி, ஜீப், மறுபடியும் கார். அவர் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருந்தார்.

பதினாறுக்கு முந்தின நாள் அஞ்சலை அக்கா வந்தார். மாமா அந்தக் கடைசிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார். வெள்ளை அம்பாசிடர், பின்னால் கழி. அதைக் கையில் வாங்கிக்கொண்டு அக்கா படத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

“இதுல எம் பொண்ணு எங்க?”

“பிலிம் முடிஞ்சு போச்சுக்கா. அவளப் புடிக்கறப்ப கேமராவுல ஒண்ணுமில்ல. சும்மாதான் அடிச்சேன்.”

“வெளிச்சம் வந்துச்சே தம்பி.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் பாத்தனே. ரெண்டு தடவ வந்துச்சே.”

அக்கா காறித் துப்பியிருக்கலாம். கன்னத்தில் அறைந்திருக்கலாம், மாமா அதற்காகத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் என்று இன்றும் நினைக்கிறேன். அக்கா அதெல்லாம் செய்யவில்லை. “இத எடுக்கறப்ப அவ எங்க நின்னா?” என்று மட்டும் கேட்டார். மாமா படத்தின் வலது ஓரத்துக்கு வெளியே, வெறும் காற்றில் விரலை வைத்துக் காட்டினார். “இங்க. நான்தான் தள்ளி நிக்கச் சொன்னேன்.” அக்கா அந்த ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, படத்தைச் சுருட்டாமல், முந்தானையால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அடுத்து வந்த கல்யாணத்தில் மாமாவால் வெறும் பிளாஷ் அடிக்க முடியவில்லை. மேடை ஏறிய ஒவ்வொருவரையும், பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும், எச்சில் இலை எடுக்கிற வேலைக்காரம்மாவைக்கூட நிஜமாகவே எடுத்தார். ரோல் மேல் ரோலாக ஜாஸ்தியாகிவிட, முதலாளி இரண்டு கல்யாணம் பொறுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கடையில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறார். என் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போட்டோவுக்கு மேடை ஏறச் சொன்னபோது கைகழுவப் போய்விட்டார்.

நான் கல்லூரி முடிக்கும் முன்பே, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில், கழிக்குப் பாலம் வந்தது. துறை இருந்த இடத்தில் கருவேலம் மண்டிவிட்டது. மினி பஸ் நேராக அக்கரைக்கே போகிறது. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி எல்லாரும் செல்போனில் தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செருப்புக் கடை. எது போனதற்கும் எனக்கு வருத்தமில்லை, பாலம் இன்னும் முன்னால் வந்திருக்க வேண்டும்.

போன மார்கழியில் சுனாமிக் குடியிருப்பில் அஞ்சலை அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். தேசிங்கு இல்லை, இறந்து சில வருடங்களாகின்றன. அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. போட்டோக்காரத் தம்பியின் அக்கா மகள் என்றதும் உள்ளே வரச் சொன்னார். சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. உப்புக்காற்றில் சாயம் போய், கழி எது வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. அம்பாசிடர் ஒரு மஞ்சள் கறையாக மிஞ்சியிருந்தது. மாலை போட்டிருந்தார், முன்னால் விளக்கு எரிந்தது. குங்குமப் பொட்டைத் தேடினேன். கண்ணாடியில் எங்குமில்லை. சட்டத்துக்கு வெளியே, வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி, சுண்ணாம்புச் சுவரில் வைத்திருந்தார்.