மடங்கிய கட்டைவிரல்

முப்பத்திரண்டு வருடங்களாகத் தங்கதுரைக்கு ஆனந்தி டீச்சர் மேல் ஒரே ஒரு கோபம்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்று அப்பா வாங்கிக் கொடுத்த புதுப் பென்சிலை அந்தம்மா மூன்றாக ஒடித்துவிட்டார். நாலாம் வகுப்போடு தன் படிப்பு நின்றதற்கும் அதுதான் காரணம் என்று மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

டீச்சர் கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். தலைமையாசிரியர் பதவி தேடி வந்தபோதும் ஒன்றாம் வகுப்பை விட்டு நகரவில்லை. வகுப்பில் சேருகிற எல்லாப் பிள்ளைகளின் பென்சிலையும் அப்படித்தான் ஒடிப்பார். துண்டுப் பென்சிலை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்து சேரும் என்பது அவர் கட்சி. பென்சில் கடைக்காரனோடு டீச்சருக்கு ஏதோ ஏற்பாடு என்பது ஊர்க்காரர்கள் கட்சி. சண்டைக்கு வருகிற தகப்பன்மார் கையிலும் ஒரு துண்டைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்வார். பாதிப் பேர் அத்தோடு எழுந்து போய்விடுவார்கள்.

இப்போது தங்கதுரையின் மகள் செல்வப்பிரியா அதே வகுப்பில். இரண்டு வரி எழுதினாலே கை வலிக்கிறதென்று அழுகை. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அன்று காலை மாட்டுத் தொழுவத்தில் போய் ஒளிந்துகொண்டாள். டீச்சர் ரிட்டையராக இன்னும் மூன்று நாள்; அப்புறம் சண்டை போட ஆள் கிடைக்காது. கறவையை முடித்த கையோடு மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

"ஏனுங் டீச்சர், என்னையத்தான் கெடுத்தீங்க, என்ற புள்ளையுமா?"

"உன்னைய நான் எங்கப்பா கெடுத்தேன்? இந்தா, இதப் புடி."

பிடித்தான். கட்டைவிரல் உள்ளே மடங்க, மற்ற நான்கும் அதன்மேல் மூடிக்கொண்டன. பென்சில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் மகளின் கையும் அச்சு அசல் அப்படியே.

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். "பால் எப்புடிக் கறப்ப?"

"இப்புடித்தானுங்க." கட்டைவிரல் மடங்கிய அதே முஷ்டியை ஆட்டிக் காட்டினான்.

"புள்ள?"

"பக்கத்துல உக்காந்து அவளும் ரெண்டு காம்பு புடிப்பாளுங்க. என்னைய மாதிரியே." பெருமையை மறைக்க அவனால் முடியவில்லை.

"அப்படிச் சொல்லு. வருசம் பூரா நான் ஒடிச்சதெல்லாம் வீண். நீ ஊட்டுல ரெண்டு நேரமும் டியூசன் எடுத்திருக்கற!"

காம்பு புண்ணாகிறது என்று மாட்டு டாக்டரும் இதே கட்டைவிரலைத்தான் இரண்டு தடவை திட்டியிருந்தார். அதைத் தங்கதுரை சொல்லவில்லை.

டீச்சர் செல்வப்பிரியாவின் கட்டைவிரலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டார். அது மறுபடி உள்ளே போயிற்று.

"நான் வெள்ளிக்கிழமையோட போயிருவேன் தங்கதுரை. புள்ள எழுதோணும்னா ஒண்ணே ஒண்ணு செய்யி. இன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து கட்டைவிரல வெளிய வெச்சுக் கற. அவ பாத்துட்டு இருக்கறப்பவே கற."