மண்மேட்டில் நான் நட்ட கொடி

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஓர் ஊரில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் அதிகம். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் மண் சலிக்கச் சேர்ந்தது மாசிக் கடைசியில். ஜங்ஷன் பக்கம் ஓர் அறையில் மூன்று பேராகத் தங்கியிருந்தோம்.

பட்டறைக்குப் பின்னால் மண்மேடு. லாரியில் வரும் களிமண்ணைக் கொட்டி, பதமாகும்வரை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டுவைப்பார்கள். அதன் தெற்குச் சரிவில் ஒருநாள் புழுதி பறந்தது. எலி என்று நினைத்தேன். பச்சைக் குருவி ஒன்று வால் பக்கமாக வெளியே வந்தது. கண்ணில் கறுப்புக் கோடு, வாலில் கம்பி போல நீண்ட இறகு. பஞ்சுருட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் அதன் ஜோடியும் மாறி மாறித் தோண்டின. மதியச் சோற்றை அங்கே உட்கார்ந்து தின்பது வழக்கமாயிற்று. தேனீயைப் பிடித்தால் கரண்டுக் கம்பியில் அடித்து அடித்து, கொடுக்குப் போனபிறகுதான் விழுங்கும். பங்குனிக் கடைசியில் பொந்துக்குள் குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

அந்த வாரம் மண் எடுக்க ஜேசிபி வருவதாகச் சொன்னார்கள். மேஸ்திரியிடம் பேசப்போகிறேன் என்றதும், கூடச் சலிக்கும் கம்மாபுரத்து அக்கா சல்லடையை நிறுத்தவில்லை. அவர் நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தன.

“எங்க வூட்டையே வுடல. குருவி வூட்டை வுடுவாங்களா தம்பி?”

ஆனால் மேஸ்திரி ஒத்துக்கொண்டார். உனக்கு வேலை போதவில்லை போல என்று கிண்டல் செய்துவிட்டு, வடக்குப் பக்கமாக எடுக்கும்படி டிரைவருக்குப் போனில் சொல்வதாகச் சொன்னார். அன்று சாயங்காலமே நல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். மறந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. எல்லாரும் போனபிறகு என் சிவப்புத் துண்டில் ஒரு முழம் கிழித்து, குச்சியில் கட்டி, பொந்துக்கு மேலே ஊன்றினேன். டிரைவர் பார்த்தால் ஒதுங்கிப் போவார் என்று கணக்கு.

மறுநாள் எட்டு மணிக்கு நான் போனபோது தெற்குச் சரிவு இல்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து ஜேசிபி டிரைவர் ஆறு மணிக்கே வந்து வேலையை முடித்துவிட்டு, வண்டியின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“சொன்னாருங்க. தெக்கால கை வெக்காதேன்னு ராத்திரியே போன் பண்ணாரு. வந்து பாத்தா தெக்காலதான் கொடி இருக்குது. பதமான மண்ணுலதானங்க கொடி நடுவாங்க. மாத்திட்டாரு போலன்னு எடுத்துட்டேன்.”

நான் சேர்ந்தபிறகு மேட்டில் மண் எடுத்ததே இல்லை, முன்பே எடுத்து வைத்திருந்ததைத்தான் சலித்துக்கொண்டிருந்தோம். கொடி வழக்கம் எனக்குத் தெரியாது. நட்டது நான்தான் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

வெட்டிய மண் ஊறல் தொட்டித் தண்ணீருக்குள் போயிருந்தது. இறங்கித் துழாவினேன். இரண்டு குஞ்சுகள் கிடைத்தன, சேறாக. இறகுக் குருத்து விட்டிருந்தது. மொத்தம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. பெரிய குருவி ஒன்று தும்பியைக் கவ்விக்கொண்டு, பொந்து இருந்த உயரத்தில், வெறும் காற்றில் சிறகடித்து நின்றது. கம்பிக்குப் போனது, மறுபடி வந்து நின்றது. மதியத்துக்குமேல் தும்பியைத் தானே தின்றுவிட்டது.

மேஸ்திரி திரும்பி வந்து திட்டியது பதமாகாத மண்ணுக்காக. அதில் செய்தால் சூளையில் வெடிக்கும். தொட்டியை நானும் அக்காவும் இரண்டு நாள் வாரிக் கொட்டினோம்.

பத்து நாள் கழித்து, ஜேசிபி வெட்டிவிட்டுப் போன புதுச் சுவரில் மறுபடி புழுதி பறந்தது. அதே ஜோடியா என்று சொல்ல முடியாது. சுவர் செங்குத்தாக, அவற்றுக்குத் தோதாக இருந்தது. வெட்டின பக்கம் வெயில் பட்டு அடுத்த மாதம் பதமாகிவிடும், அடுத்த லோடு அங்கேதான் எடுப்பது என்று மேஸ்திரி முடிவு செய்திருந்தார். இன்னொரு தடவை அவரிடம் போய் நிற்க எனக்கு வாய் வரவில்லை.

மண்கட்டியை எடுத்து எறிந்தேன். பறந்து போய்க் கம்பியில் உட்கார்ந்தன. இறங்கின. மறுபடி எறிந்தேன்.

“சோத்தைக்கூட மறந்து பாத்துகினு இருந்த, இப்ப அடிக்கிறியே,” என்றார் அக்கா.

“இங்க வேணாங்க்கா.”

அவரும் ஒரு கட்டியை எடுத்தார். எறியவில்லை, என்னிடம் நீட்டினார்.

மூன்றாம் நாள் குருவிகள் வரவில்லை. நான்காம் நாளும் நான் பக்கத்தில் கட்டிகளைக் குவித்து வைத்துக்கொண்டுதான் சோற்றுத் தூக்கைத் திறந்தேன்.